கண்ணன் காலில் கொண்டை ஊசி

வளைகாப்பு முடிந்து மகளை அழைத்து வந்திருக்கும் வீட்டில் சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல்? போன வாரம் பாகூரில் கை நிறைய வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாளே சிந்தாமணி, அவள் இப்போது மதகடிப்பட்டில் அம்மா வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, மிளகாய்த்தூள் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். மாமியார் வீட்டில் எத்தனை வசதி இருந்தாலும் அந்த உரிமை பெற்றவளுக்கு. சிந்தாமணியின் அம்மா செங்கமலம் இந்த நாட்களுக்காகத்தான் ஏங்கிக் கிடந்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. தூளி கட்டப் புடவைகூட எடுத்து வைத்தாயிற்று.

அந்தப் புதன்கிழமை முற்பகலில் அவள் பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு யானைக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

யானை கடைச் சரக்கு. அவள் கணவர் தேவநாதன் விழுப்புரம் ரோட்டு முனையில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்தார். சுவர்க்கடிகாரம், பிளாஸ்டிக் பூச்செண்டு, அப்புறம் இப்போது புதிதாக வர ஆரம்பித்திருக்கும் ரெசின் பொம்மைகள். கல் மாதிரி கனம், தந்தம் மாதிரி நிறம். பார்வைக்கு ஜம்மென்று இருக்கும். தவறி விழுந்தால் சாக்பீஸ் மாதிரி உடையும். பம்பாயிலிருந்து லாரியில் குலுங்கி வந்த பெட்டியைத் திறந்தால் ஒரு ராதைக்கு மூக்கு இருக்காது, ஒரு புத்தருக்குக் காது இருக்காது. காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட தேவநாதனுக்கு மனசு வராது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி மடியில் கொட்டிவிடுவார்.

செங்கமலம் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு டியூப் பசையையும் சமமாகப் பிதுக்கித் தீக்குச்சியால் குழைப்பாள். உடைந்த இடத்தில் மெல்லிய துளை போட்டு, உள்ளே ஒரு கம்பித் துண்டைச் செருகி ஒட்டுவாள். ஒட்டு தெரியாமல் இடுக்கை நிரப்பும் மக்கு பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, கலர் தொட்டுவிட்டால் அவளுக்கே எது உடைந்த இடம் என்று தேட வேண்டியிருக்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை, கொஞ்சம் கர்வம்கூட. தேவநாதன் அந்தப் பொம்மையைக் கடையில் முதல் வரிசையில் வைத்துப் புதுசு என்றே விற்பார். "கேட்டா சொல்லிடப் போறன். எவன் கேக்கறான்?" என்பது அவருடைய நியாயம்.

வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சம்மந்தி கோகிலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். தனியாக. துணைக்கு ஆள் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாத பெண்மணி! பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"வாங்க அண்ணி! இன்னா, சொல்லாம கொள்ளாம? வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"கதவச் சாத்து செங்கமலம். மருமவ எங்க?"

"உள்ள படுத்திருக்குது. கூப்புடட்டுமா?"

"வாணாம் வாணாம். அதுக்குத் தெரிய வாணாம்."

எப்போதும் சொல்லில் முள் வைத்துப் பேசுகிறவள் கோகிலாம்பாள். மாப்பிள்ளை வீட்டு மிடுக்கைப் புடவைத் தலைப்போடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பவள். அவள் இன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த துணிப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். செங்கமலம் தண்ணீர் கொடுத்தாள். காப்பி போடட்டுமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள்.

பையிலிருந்து ஒரு பட்டுத் துண்டு வெளியே வந்தது. அதைப் பிரித்ததும், சில மாதங்களுக்கு முன் செங்கமலம் பாகூருக்குப் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்த தவழும் கண்ணன் இருந்தான். கையில் வெண்ணெய் உருண்டை, முகத்தில் அதே திருட்டுச் சிரிப்பு. வலது பாதம் மட்டும் தனியாக, கணுக்காலுக்கு மேலே துண்டாகி, பக்கத்தில் கிடந்தது.

செங்கமலத்துக்கு உடம்பு சில்லிட்டது. வந்துவிட்டாள், கண்டுபிடித்துவிட்டாள், கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

கோகிலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான்தான் ஒடைச்சிட்டன்."

"அண்ணி..."

"சனிக்கெழமை எண்ண தேச்சி வுட்டன். கண்ணனுக்குத்தான். துணியால தொடச்சா போதும்னு நீ அன்னிக்கே சொன்ன. எனக்குத்தான் மனசு கேக்கல. கொழந்தைய யாராவது தொடச்சி வெப்பாங்களா? கால நீட்டி உக்காந்து, கால் மேல போட்டுக்கினு, வெந்நி ஊத்தி..." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "சிரிக்காத. எனக்கு ஒரே புள்ள. அவனக் குளிப்பாட்டி முப்பது வருசம் ஆவப் போவுது. கை மறந்து பூட்டுதோன்னு பழகிப் பாத்தன். சீயக்கா தேச்சன், கைய நீவுனன், கால நீவுனன். வலது கால இழுத்து நீவும்போது கையோட வந்துட்டுது."

செங்கமலம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள். அங்கே சம்மந்தியின் பாதங்கள் தெரிந்தன. விளிம்பெல்லாம் கொப்புளம்.

"செருப்பு எங்க அண்ணி?"

"கண்ணனுக்கே காலு இல்ல. எனக்கு இன்னாத்துக்குச் செருப்பு? மருமவளுக்கு நல்லபடியா ஆவற வரைக்கும் போடறதில்லன்னு வேண்டிக்கினன்." மூக்கை உறிஞ்சினாள். "வூட்ல யாராண்டையும் சொல்லல. அரிசிப் பானையில வெச்சி மூடியிருந்தன். பின்னமான சாமிய வூட்ல வெக்கக் கூடாது, ஆத்துல வுட்டுடணும். தெரியும். தென்பெண்ணையாண்ட வரைக்கும் எடுத்துக்கினு போனன். மூஞ்சியப் பாத்தா தண்ணியில போட மனசு வல்ல. நீதான் நல்லா ஒட்டுவியாமே. யாருக்கும் தெரியாம ஒட்டிக் குடுத்துடு தாயி."

தாயி! ஒட்டுக்கடைக்காரி என்று சம்மந்தி வீட்டில் தனக்குப் பெயர் இருப்பது செங்கமலத்துக்குத் தெரியும். வைத்தவளே இப்போது தாயி என்கிறாள்.

"இதப் பாரேன்," என்று உடைந்த பாதத்தைத் திருப்பிக் காட்டினாள் கோகிலாம்பாள். வெள்ளையான உடைசலின் நடுவே கறுப்பாக, நெளிநெளியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "உள்ள கம்பி வெச்சி எவ்ளோ கெட்டியா பண்ணியிருக்கான் கம்பெனிக்காரன். அதையே புடுங்கியிருக்கன்னா என் கை எப்பிடிப்பட்ட கை! அந்தப் புள்ள பொறந்தா நான் தூர நின்னு பாத்துக்கறன் செங்கமலம். தண்ணி ஊத்தற வேல எனக்கு வாணாம். தொடவே வாணாம்."

அந்தக் கம்பி கம்பெனிக்காரன் வைத்தது இல்லை. செங்கமலத்தின் கொண்டை ஊசியில் பாதி.

சிந்தாமணிக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சேதி வந்து, பலகாரத்தோடு பாகூருக்குக் கிளம்ப நல்ல நாள் பார்த்திருந்தபோது நடந்தது அது. கடைக்கு வந்த பெட்டியில் ஒரே ஒரு தவழும் கண்ணன், அதுவும் பாதம் உடைந்து. கடையில் உடையாத முருகன் இருந்தார், லட்சுமி இருந்தாள். வெள்ளியில் ஒரு குங்குமச்சிமிழ் வாங்கிப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் செங்கமலத்துக்கு அந்தக் கண்ணன்தான் வேண்டியிருந்தது. கம்பி கைக்கு அகப்படாமல் தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, குறடால் நறுக்கிச் செருகினாள். தன் கைவேலை அந்த மிடுக்கான வீட்டின் பூஜை அறையில் போய் உட்கார வேண்டும், ஒட்டுக்கடைக்காரி என்று சொன்ன வாயே அதைப் புகழ வேண்டும். அந்த ஆசைதான். "பரவாயில்லியே, ஒங்க கடையில ஒடையாத பொம்மகூட இருக்குதா?" என்று கோகிலாம்பாள் குத்தலாகச் சிரித்துக்கொண்டே வாங்கியபோது செங்கமலத்துக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது போல் இருந்தது.

வெந்நீர் பட்டால் அந்தப் பசை இளகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள். காரணத்தை எப்படிச் சொல்வது?

"குடுங்க அண்ணி," என்றாள். கண்ணனையும் பாதத்தையும் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் கூசியது.

சிந்தாமணி எழுந்து வந்து யானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முன்கட்டுப் பேச்சு முழுதும் கேட்டிருந்தது. பாதத்தை வாங்கிப் பார்த்தவளின் முகம் மாறியது.

"அம்மா, இது உன் கொண்ட ஊசி."

செங்கமலம் கண்ணனை மேஜை மேல் வைத்தாள்.

"ஒடஞ்சத ஒட்டியா எங்க வூட்டுக்கு எடுத்தாந்த? எனக்குன்னு?"

"மெதுவா பேசுடி."

"த்தூ," என்றாள் சிந்தாமணி. துப்பவில்லை; சத்தம் மட்டும் வந்தது. பெற்ற மகளிடமிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்பதைவிட அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது செங்கமலத்துக்கு.

"சொல்லிடட்டுமாடி?"

"ஐயோ, வாணாம்! நான் அங்கதாம்மா வாழணும். ஒட்டி அனுப்பிச்சிடு. எப்பவும் செய்யறதுதான?"

"அவங்க புள்ளயத் தொடமாட்டன்றாங்க."

"பொறந்தா தானா தொடுவாங்க. நீ ஒட்டு."

செங்கமலம் உட்கார்ந்தாள். டியூப்பைப் பிதுக்கினாள். குழைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்கு வந்த தேவநாதன் கொல்லைப்புறமாக நுழைந்தார். மேஜை மேல் கண்ணனைப் பார்த்தார். முன்கட்டில் சம்மந்தியின் முதுகைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லித் தொலச்சிட்டியா?" என்றார் தணிந்த குரலில்.

"இன்னும் இல்ல."

"சொல்லாத. நீ ஒட்டினா பிரம்மாவுக்கே தெரியாது."

கண்ணனை ஒட்டிய அன்றைக்கும் இதையேதான் சொன்னார். அன்றைக்கு அது காதுக்கு இனித்தது. இன்றைக்கு அதைக் கேட்டதும், தான் இத்தனை நாள் எதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பது செங்கமலத்துக்குப் பளிச்சென்று தெரிந்துபோயிற்று. ஏமாற்றத் தெரிந்ததற்கு. அவ்வளவுதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தேவநாதன், "கடையில ஆள் இல்ல," என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடாமலே வந்த வழியே நழுவினார். இப்படிப்பட்ட சமயங்களில் அவர் கடையில் ஆள் இருந்ததே கிடையாது.

செங்கமலம் தீக்குச்சியைக் கீழே போட்டாள். சிந்தாமணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதை விடுவித்துக்கொண்டு, உடைந்த பாதத்தோடு முன்கட்டுக்குப் போனாள்.

"அண்ணி, இந்தக் கம்பி கம்பெனிக்காரன் வெச்சது இல்ல. என் தலையில இருந்து எடுத்து நான் வெச்சது. கண்ணன் கடைக்கு வரும்போதே கால் ஒடஞ்சிதான் வந்துது. ஒட்டி மறச்சி எடுத்தாந்து குடுத்தன்."

கோகிலாம்பாளுக்கு உடனே புரியவில்லை. கம்பியைப் பார்த்தாள், செங்கமலத்தின் கொண்டையைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒடைக்கல?"

"இல்லண்ணி. வெந்நி பட்டு ஒட்டு வுட்டுப் போச்சி. அவ்ளோதான்."

"நான் ஒடைக்கல," என்று இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள் கோகிலாம்பாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஓவென்று அழுதுவிட்டாள். சனிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடித்து மூக்கைச் சிந்தி, "காப்பி போடு. சக்கர தூக்கலா," என்றாள்.

செங்கமலம் ஓடிப் போய்க் காப்பி போட்டாள். நெஞ்சு லேசாகியிருந்தது. திட்டவில்லையே, காப்பி கேட்டாளே, போதும் என்று நினைத்தாள். கோகிலாம்பாள் காப்பியை ஆற்றி, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சம்மந்தியம்மா," என்றாள்.

இதுவரை செங்கமலம், நீ, தாயி. இப்போது சம்மந்தியம்மா.

"ஒங்க பொண்ணுக்கு இது தெரியுமா?"

நடைவாசலில் சிந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். கண்ணிரண்டும் அம்மா மேல் இருந்தன. தெரியும் என்றால், மாமியாரைக் கொப்புளக் காலோடு உட்கார வைத்துவிட்டு உள்ளே நின்று மறைக்கச் சொன்னவள் என்று ஆகிவிடும்.

"தெரியாது," என்றாள் செங்கமலம். "அது பாவம்."

உண்மை பேசிய வாயில் ஈரம் இன்னும் காயவில்லை, அதற்குள் அடுத்த பொய். அதுவும் எத்தனை சுலபமாக வந்தது!

"அதான பாத்தன். தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருந்திருக்காது," என்று கோகிலாம்பாள் எழுந்தாள். "சிந்தாமணி, பொட்டிய எடுத்துக்கோ. நாம கெளம்பலாம்."

"அண்ணி! வளையல் போட்டு அழச்சிக்கினு வந்த பொண்ண..."

"எனக்குப் பொம்மையப் பத்திக் கோவம் இல்ல சம்மந்தியம்மா. ஒடஞ்சத ஒட்டறது ஒன்னும் தப்பும் இல்ல. நான் இங்க உக்காந்து, என் கை ஆவாத கை, புள்ளயத் தொடமாட்டன்னு அழுவறன். நீங்க கேட்டுக்கினு இருந்தீங்க. கேட்டுட்டு உள்ள எடுத்துக்கினு போனீங்க." குரல் உயரவில்லை. "நாளைக்கு எம்பேரப்புள்ள கீழ வுழுந்து அடிபட்டாலும் ஒன்னும் ஆவலன்னு தொடச்சிக் குடுத்துடுவீங்க. அந்தப் பயத்தோட நான் பாகூர்ல உக்காந்திருக்க முடியாது. பிரசவம் எங்க வூட்ல ஆவட்டும். என் கையாலயே தண்ணி ஊத்திக்கறன்."

செங்கமலத்துக்கு அழக்கூட வரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

உள்ளே பெட்டியில் துணியை அடுக்கும்போது சிந்தாமணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நான் போவலம்மா. எனக்கும் தெரியும்னு சொல்லிடறன். சொன்னா என்னையும் ஒன்னோடயே வுட்டுட்டுப் போயிடுவாங்க."

கோகிலாம்பாள் விட்டுவிட்டுப் போய்விடுவாள், நிச்சயம். ஒரு தலையசைப்பு போதும். மகள் இந்தக் கட்டிலிலேயே இருப்பாள், இந்த வீட்டிலேயே பிள்ளை பிறக்கும், அந்தப் புடவையில் தூளி ஆடும். செங்கமலத்தின் மனசு அதற்காகப் பறந்தது. எடுத்து வைத்திருந்த வேட்டித் துணிகளை அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"வாயத் தொறக்காத," என்றாள். "நீ அங்க வாழணும்னியே. போ."

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி சும்மா இருப்பாளா? "இன்னாடி இது! பிரசவத்துக்கு வந்த பொண்ணு பொட்டியோட திரும்பிப் போவுது?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். செங்கமலம் வாய் திறப்பதற்கு முன் கோகிலாம்பாள் சொன்னாள்: "எங்க வூட்டு வழக்கம் இது. தலச்சன் புள்ள எங்க வூட்லதான் பொறக்கணும்." அப்படி ஒரு வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. சம்மந்தி தனக்காகத் தெருவில் பொய் சொல்கிறாள் என்று புரிந்ததும் செங்கமலம் இன்னும் குறுகிப் போனாள். தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தாள். கோகிலாம்பாள் அதைப் போட்டுக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

முனையில் தேவநாதன் கடைக்குள் சுவர்க்கடிகாரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவே இல்லை.

வில்லியனூர் பஸ் வந்தது. கால் ஒட்டாத கண்ணனைப் பட்டுத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு கோகிலாம்பாள் உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தில் சிந்தாமணி. செங்கமலம் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்கோ," என்றாள். சிந்தாமணி தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவின் கொப்புளமில்லாத கால்களையும், மாமியாரின் கொப்புளங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்தபோது சிந்தாமணி மாமியார் பக்கம் திரும்பினாள். குனிந்து, காதோரமாக ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தையா, இரண்டு வார்த்தையா, எஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. 'எனக்கும் தெரியும்' என்று உதடு அசைந்தது போல் இருந்தது.

கோகிலாம்பாளின் முகம் மெல்லத் திரும்பியது. ஜன்னல் வழியே அவள் செங்கமலத்தைப் பார்த்தாள். கோபமா, இரக்கமா என்று தெரிவதற்குள் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. செங்கமலம் ரோட்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.